நாற்பதுக்குப் பின் கோல்ஃப்: குழியிலிருந்து தொடங்கும் பாடம்

நடுவயதில் புதிதாகத் தொடங்குவதற்குக் கோல்ஃப் அளவுக்கு இடம்கொடுக்கும் விளையாட்டுகள் குறைவு. இதில் பந்து அசையாமல் கிடக்கிறது. யாரும் அதை வீசுவதில்லை, யாரும் குறுக்கே வந்து தடுப்பதில்லை. ஓடவோ தாவவோ வேண்டியதில்லை. 46 கிராமுக்குள் எடையுள்ள ஒரு பந்தை 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழிக்குள் முடிந்தவரை குறைந்த அடிகளில் கொண்டுசேர்க்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இப்படிப் பதினெட்டுக் குழிகள். ஆடுபவரின் திறனுக்கேற்ப அடிகளைக் கழித்துக் கொடுக்கும் ஹேண்டிகேப் முறை இருப்பதால், ஐம்பது வயதில் தொடங்கியவரும் இருபது ஆண்டு ஆடிப் பழகியவரும் ஒரே மைதானத்தில் சமமாகப் போட்டியிடலாம். டென்னிஸிலோ இறகுப்பந்திலோ இதை நினைத்துப் பார்க்க முடியாது.

இத்தனை வசதி இருந்தும் நடுவயதில் தொடங்குகிறவர்களில் பலர் சில மாதங்களிலேயே விட்டுவிடுகிறார்கள். வயதைக் காரணம் சொல்வது வழக்கம். உண்மையான காரணங்கள் வேறு. முதலாவது, கற்கும் வரிசை தலைகீழாக இருப்பது: பையில் உள்ளவற்றிலேயே மிக நீளமான, மிகக் கடினமான மட்டையைத்தான் முதல் நாளே எடுக்கிறார்கள். இரண்டாவது, பல ஆண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்து இறுகிப்போன உடல். மூன்றாவது, நகரத்தில் பழக ஒரு புல்வெளி கிடைக்காதது. மென்பொருள் அலுவலகங்களும் போக்குவரத்து நெரிசலும் நிறைந்த பெங்களூரில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. இவற்றைக் கடக்கும் வழிகளும் இந்த ஊரிலேயே இருக்கின்றன.

தாமதமாக வந்தவர்கள்

அமெரிக்க எண்ணெய் அதிபர் ஜான் டி. ராக்ஃபெல்லர் 1899-இல், தமது 59-ஆம் வயதில்தான் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். அடிக்கும் நேரத்தில் தலையைத் தூக்கிவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. தலையைத் தாழ்த்தச் சொல்லி நினைவூட்டுவதற்கென்றே ஒரு பையனை உடன் வைத்துக்கொண்டார். அதன் பிறகு முதுமை வரை ஏறத்தாழ அன்றாடம் ஆடினார்.

இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கபில் தேவ். 1994-இல் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு 35 வயது. அதன் பிறகே கோல்ஃபில் முழுமூச்சாக இறங்கினார். 2018-இல் ஜப்பானில் நடந்த ஆசிய பசிபிக் சீனியர் போட்டிக்கு இந்திய அணியில் தேர்வானார். 2024-இல் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் சுற்றை நடத்தும் அமைப்பின் தலைவரானார்.

பெங்களூருக்கே உரிய கதை அதிதி அசோக்கின் பெற்றோருடையது. 1998-இல் பெங்களூரில் பிறந்த அதிதி இந்தியாவின் தலைசிறந்த கோல்ஃப் வீராங்கனை. ஐந்து வயதுச் சிறுமியாக இருந்தபோது, குடும்பத்தோடு சாப்பிடப் போன உணவகத்திலிருந்து பக்கத்து டிரைவிங் ரேஞ்ச் கண்ணில் பட்டது. அது கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சித் திடல். அதுவரை அவருடைய அப்பாவும் அம்மாவும் கோல்ஃப் ஆடியவர்கள் அல்லர். மகளின் ஆர்வத்தோடு அவர்களும் ஆட்டத்துக்குள் வந்தார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மகளுக்கு கேடியாகப் பை சுமந்தவர் அப்பா. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சுமந்தவர் அம்மா. அந்தப் போட்டியில் அதிதி ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்தார். கேடி என்பவர் பை தூக்குவதோடு நிற்பவர் அல்லர். தூரம் கணிப்பது, எந்த மட்டை எடுப்பது என்று ஆலோசனை சொல்வது, தடுமாறும் நேரத்தில் நிதானப்படுத்துவது எல்லாம் அவர் வேலை. வளர்ந்த பிறகு, குழந்தைக்குத் துணையாக இந்த ஆட்டத்துக்குள் வந்த இருவர் உலகின் மிகப் பெரிய மேடையில் அந்தப் பொறுப்பில் நின்றார்கள். நடுவயதில் கோல்ஃபைப் புரிந்துகொள்ள முடியுமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இந்த ஊரில் இல்லை.

பெங்களூரின் புல்வெளிகள்

பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829-இல் கல்கத்தாவில் தொடங்கியது. பெங்களூர் கோல்ஃப் கிளப் தொடங்கிய ஆண்டு 1876. நுவரெலியாவில் 1889-இலும் கொடைக்கானலில் 1895-இலும் கிளப்கள் வந்தன. வெயிலிலிருந்து தப்பிக்க ஆங்கிலேய அதிகாரிகள் போன இடமெல்லாம் கோல்ஃபும் உடன் போயிற்று. மலை ஏறாமலே மலைக்காற்றுக் கிடைத்த பெங்களூரில் அது ஊருக்கு நடுவிலேயே இடம் பிடித்தது.

ஹை கிரவுண்ட்ஸ் பகுதியில், சாங்கி சாலையையொட்டி இருக்கும் அந்தப் பழைய கிளப்பின் மைதானம் நீளம் குறைந்தது, குறுகலானது. நீண்ட தூர அடியைவிடத் துல்லியம்தான் அங்கே கைகொடுக்கும். புதிதாகக் கற்பவருக்கு அத்தகைய மைதானம் நல்ல ஆசிரியர்.

நகரின் கிழக்கில், பழைய விமான நிலையச் சாலைக்கு அருகே கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானம் உள்ளது. முழு நீள, பார் 72 மைதானம் (பார் என்பது நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கை). 2012-இல் இந்தியன் ஓபன் போட்டி இங்கேதான் நடந்தது. இந்த நிலம் ஒரு காலத்தில் சல்லகட்டா ஏரி. மெட்ரோ ஊதா வழித்தடத்தின் மேற்கு முனையில் உள்ள சல்லகட்டா நிலையம் வேறு ஊர். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏரியின் பெயர், நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் ஏரிகளுக்குப் போகும் கோரமங்களா சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் இன்னும் வாழ்கிறது. ஏரிகளை இழந்து, 2024 கோடையில் குடிநீருக்குத் திண்டாடிய ஊரில், கோல்ஃப் மைதானத்தின் நிலமும் நீரும் யாருக்காக என்ற கேள்வி எழுவது நியாயம். புல்லுக்குச் சுத்திகரித்த நீரை மட்டுமே பாய்ச்சுவதும், பயிற்சித் திடலை உறுப்பினர் அல்லாதவருக்கும் திறந்துவைப்பதும் அந்தக் கேள்விக்கு ஒரு கிளப் தரக்கூடிய குறைந்தபட்சப் பதில். இந்த ஊரின் மிகச் சிறந்த வீராங்கனையே அப்படித் திறந்திருந்த ஒரு திடலிலிருந்து வந்தவர்தான்.

நகருக்கு வெளியே மைசூர் சாலையில் பிடதி அருகே ஈகிள்டன், வடக்கே நந்தி மலைச் சாலையில் பிரெஸ்டீஜ் கோல்ஃப்ஷயர் ஆகியவை முழு அளவு மைதானங்கள். தூரம் அதிகம். பெங்களூர்ப் போக்குவரத்தில் போய்வரும் நேரம் ஆட்ட நேரத்தோடு போட்டி போடும். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவது இந்த ஊர் கோல்ஃப்காரர்களின் வழக்கம்.

பழைய கிளப்களில் உறுப்பினராவது எளிதல்ல. கட்டணம் பெரிது, காத்திருப்பும் நீளம். ஆனால் முதல் ஓராண்டுக்கு உறுப்பினர் அட்டை தேவையே இல்லை. கூடைக் கணக்கில் பந்து வாங்கி அடிக்கும் டிரைவிங் ரேஞ்ச், பழக ஒரு கிரீன் (குழி இருக்கும் மழித்த புல்தரை), வாரம் ஒரு முறை பார்க்க ஒரு பயிற்சியாளர், இவை போதும். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருக்கு முறையான சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பது நல்லது. இந்தியாவில் பயிற்சியாளர்களுக்குச் சான்றளிக்கவே தேசிய கோல்ஃப் அகாடமி என்ற அமைப்பு இருக்கிறது. பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அவருக்கு உண்டா என்பதையும் கேட்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையைச் செதுக்கும் முறை ஐம்பது வயது முதுகுக்குப் பொருந்தாது.

ஊரின் தட்பவெப்பமும் ஆடுபவருக்குச் சாதகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் காற்று சற்று மெலிந்திருப்பதால், சென்னையில் அடிப்பதைவிடப் பந்து கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை மட்டும் ஆபத்தானது. திறந்த வெளியில் உலோக மட்டையோடு நிற்பவர், முதல் இடி கேட்டதுமே ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடி பாதுகாப்பு அல்ல.

உடல்

கோல்ஃப் பார்ப்பதற்கு மெதுவான ஆட்டம். ஸ்விங் என்று மட்டையைச் சுழற்றும் அந்த ஒன்றரை நொடியோ மெதுவானதல்ல. உடல் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பி, அடுத்த பக்கம் வேகமாக அவிழ்கிறது. இந்தத் திருப்பம் இடுப்பு மூட்டுகளிலிருந்தும் முதுகின் மேல்பகுதியிலிருந்தும் வர வேண்டும். கீழ்முதுகின் எலும்புகள் திரும்புவதற்காக அமைந்தவை அல்ல. ஐந்து எலும்புகளும் சேர்ந்தே சில பாகைகள்தான் திரும்பும். இருபது ஆண்டுகள் கணினி முன் உட்கார்ந்தவருக்குத் தொடையின் முன்தசை சுருங்கி, மேல்முதுகு கூன் விழுந்திருக்கும். திரும்ப வேண்டிய இரண்டு இடங்களும் மறுத்துவிட, திரும்பக் கூடாத கீழ்முதுகு அந்தச் சுமையை ஏற்கிறது. பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு வரும் காயங்களில் கீழ்முதுகு வலி முதலிடத்தில் இருப்பது இதனால்தான். அடுத்தது முழங்கை வலி. மட்டையை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பதும், ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பந்தடிப்பதும் அதற்குக் காரணம்.

ஆகவே மட்டையைத் தொடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே உடலைத் தயார் செய்வது புத்திசாலித்தனம். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, இடுப்பை அசைக்காமல் மேலுடலை மட்டும் இருபுறமும் திருப்பும் பயிற்சி எளிது, பலன் பெரிது. யோகாசனம் பழகியவர்களுக்கு அமர்ந்து முதுகைத் திருப்பும் ஆசனங்கள் இதே வேலையைச் செய்யும். குந்தி எழுவது இடுப்புக்கும் தொடைக்கும் நல்லது. ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி சமநிலைக்கு உதவும். ரேஞ்சுக்குப் போனதும் பத்து நிமிடம் நடந்து, உடல் சூடேறிய பிறகே முழு வேகத்தில் அடிக்க வேண்டும். முதுகில் வட்டு விலகல் இருந்தவர்கள், இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வருவது அவசியம்.

நடுவயதினருக்கே உரிய இன்னொரு சிக்கல் கண்ணாடி. நாற்பதைத் தாண்டியவர்களில் பலர் கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி அணிகிறார்கள். குனிந்து பந்தைப் பார்க்கும்போது, படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகவே பார்வை போகிறது. பந்தோ ஒன்றரை மீட்டர் தள்ளிக் கிடக்கிறது. பந்து மங்கலாகத் தெரியும், இருக்கும் இடமும் சற்று மாறித் தோன்றும். தம்மை அறியாமலே தலையை ஆட்டிச் சரிசெய்ய முயல்வார்கள், அடி கெடும். தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் முதல் நாளே தீர்ந்துவிடும்.

உடலுக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. பதினெட்டுக் குழிகளையும் நடந்தே ஆடினால் எட்டு முதல் பத்துக் கிலோமீட்டர் வரை ஆகும். நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் மூன்று லட்சம் கோல்ஃப் வீரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2008-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வயது, பாலினம், சமூகப் பொருளாதார நிலை ஆகியவற்றில் ஒத்த மற்றவர்களோடு ஒப்பிட்டால், கோல்ஃப் ஆடுபவர்களிடையே இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவு என்றார்கள். ஏறத்தாழ ஐந்தாண்டு கூடுதல் ஆயுளுக்கு இது சமம். ஆரோக்கியமானவர்களே இந்த ஆட்டத்துக்கு வருகிறார்கள் என்பதும் இதில் ஒரு பங்கு வகிக்கலாம். ஆனாலும் வாரத்துக்குச் சில மணி நேரம் புல்லில் நடப்பது உடலுக்கு நல்லது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் சொன்ன நாடு இது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் நீண்ட நடையில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடாமல் இருக்க வாழைப்பழமோ கடலைமிட்டாயோ பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கால் கடிக்காத காலணியும் அவர்களுக்கு முக்கியம்.

கற்கும் வரிசை

பார் 72 என்ற கணக்கு எப்படி வருகிறது என்பதைப் பார்த்தாலே எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு குழிக்கும் கிரீனில் இரண்டு அடி என்று கணக்கில் வைத்துத்தான் பார் நிர்ணயிக்கிறார்கள். பதினெட்டுக் குழிக்கு 36 அடி. அதாவது ஆட்டத்தின் சரிபாதி, புட்டர் என்னும் சிறு மட்டையால் பந்தைத் தரையில் உருட்டுவது. அதற்கு வலிமை வேண்டாம், உடல் வளைய வேண்டாம். ஐம்பது வயதுக்காரர் இருபது வயதுக்காரரைத் தயக்கமின்றி எதிர்கொள்ளக்கூடிய இடம் இதுதான்.

டெக்சாஸின் புகழ்பெற்ற ஆசிரியர் ஹார்வி பெனிக் கற்றுக்கொடுத்ததும் இந்த வரிசையில்தான்: குழியருகே தொடங்கிப் பின்னோக்கி நகர்வது. நடுவயதில் தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

முதல் சில வாரங்கள் புட்டர் மட்டும். ஓரடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தட்டிவிடுவதில் தொடங்கி, மூன்றடி, ஆறடி என்று நகரலாம். குழிக்குள் பந்து விழும் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது நம்பிக்கை தரும். அடுத்துத் தூரக் கணிப்பு. புதியவர்கள் கிரீனில் மூன்று, நான்கு அடி அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் திசை தவறுவதல்ல, தூரம் தவறுவது. முப்பதடி தொலைவிலிருந்து பந்தைக் குழிக்கு ஒரு மட்டை நீளத்துக்குள் நிறுத்தப் பழகினால், அடுத்த அடி தானாக எளிதாகிவிடும்.

பிறகு சிப் அடி. கிரீனின் விளிம்பிலிருந்து பந்தை லேசாகத் தூக்கிப் போட்டு உருள விடுவது. உடலின் எடை குழிப்பக்கக் காலில் இருக்க வேண்டும், கைகள் பந்துக்குச் சற்று முன்னால். மட்டை கீழ்நோக்கி வந்து பந்தைத் தொட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பந்தைக் கரண்டியால் அள்ளுவதைப் போல மேலே தூக்க முயல்வது. தூக்கும் வேலையை மட்டையின் சாய்வே பார்த்துக்கொள்ளும். இதற்குப் பயன்படும் பிட்சிங் வெட்ஜ் மட்டையின் முகம் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்கிறது. ஆடுபவர் கீழ்நோக்கி அடித்தால் பந்து மேலே போகும். மேலே தூக்க முயன்றால் மட்டை பந்தின் தலையில் பட்டு, பந்து தரையோடு ஓடும். கோல்ஃபில் மனம் ஏற்க மறுக்கும் முதல் உண்மை இது. சிப் அடியில் இதை உணர்ந்துவிட்டவருக்குப் பின்னால் வரும் பெரிய ஸ்விங்கில் பாதி வேலை முடிந்துவிடும்.

அதன் பிறகு அரை ஸ்விங்: இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை. பிறகு முக்கால். ஏழாம் எண் அயர்னில் முழு ஸ்விங். மிக நீளமான மட்டையான டிரைவர் கடைசியில்தான். அதன் நீளமும் பத்துப் பன்னிரண்டு பாகை மட்டுமே உள்ள சாய்வும் சிறு தவறையும் பெரிதாக்கிக் காட்டும். பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது அரை மில்லிநொடிக்கும் குறைவான நேரம். அந்த நேரத்தில் மட்டையின் முகம் அது வரும் பாதைக்கு இரண்டு மூன்று பாகை திறந்திருந்தாலும் போதும், வலக்கைக்காரரின் பந்து வலப்புறமாக வளைந்து மரங்களுக்குள் போய்விடும். ஸ்லைஸ் என்று எல்லா ரேஞ்சிலும் புலம்பப்படுவது இதைத்தான்.

இந்தியர்களுக்கு இதில் கிரிக்கெட்டின் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. கிரிக்கெட்டில் பந்து நகரும். கண் அதைப் பின்தொடரும், கைகள் கடைசி நொடியில் திருத்திக்கொள்ளும். கோல்ஃபில் பந்து நின்ற இடத்தில் இருக்கிறது. கடைசி நொடித் திருத்தம் அங்கே கெடுதலையே செய்யும். பேட்டின் முகம் கைப்பிடியின் நேர்கோட்டில் இருப்பதால் அதை நேராகப் பிடித்து ஓட்டினாலே போதும். கோல்ஃப் மட்டையின் தலை தண்டுக்குப் பக்கவாட்டில் இருப்பதால், முன்கைகள் இயல்பாகச் சுழன்று முகத்தை மூட வேண்டும். கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர் அந்தச் சுழற்சியைத் தடுத்துப் பிடிப்பார். முகம் திறந்தே இருக்கும். நாற்பது வருடப் பழக்கத்தை மாற்றப் பொறுமை வேண்டும். பந்தையும் மட்டையின் கனத்தையும் உணர்ந்த அனுபவம் ஏற்கெனவே இருப்பதால், திருத்திக்கொண்ட பிறகு கிரிக்கெட்காரர்கள் வேகமாக முன்னேறுவதும் உண்டு.

பெரியவர்கள் கற்பதில் உள்ள பெரிய சிக்கல், அவர்கள் அதிகம் யோசிப்பது. இடது முழங்கை நேரா, வலது முழங்கால் மடிந்ததா, மணிக்கட்டு எங்கே என்று ஒரே நேரத்தில் ஆறு கட்டளைகளை உடலுக்குக் கொடுக்கிறார்கள். கபிரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. கோல்ஃபே அறியாதவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், இன்னொன்றிடம் மட்டையின் ஊசலாட்டத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்களே குறிக்கு நெருக்கமாக அடித்தார்கள். உடல் உறுப்புகளை மறந்து, மட்டை எங்கே போகிறது, பந்து எங்கே விழ வேண்டும் என்பதில் மனத்தை வைப்பதே வழி.

ஒரே மட்டையால் ஒரே இலக்கை நோக்கி ஐம்பது பந்துகளை வரிசையாக அடிப்பதும் ஏமாற்றும் பயிற்சி. அன்று நன்றாக அடித்ததாகத் தோன்றும். அடுத்த வாரம் எல்லாம் மறந்திருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றினால் அன்றைய அடி மோசமாகவே இருக்கும், கற்றது நிலைக்கும். மைதானத்தில் எப்படியும் ஒரே அடியை இரண்டு முறை அடிக்க வாய்ப்பு வருவதில்லை. சனிக்கிழமை மூன்று மணி நேரம் அடித்துக் களைப்பதைவிட, வாரத்தில் மூன்று நாள் முக்கால் மணி நேரம் பழகுவது நடுவயது மூளைக்கும் முழங்கைக்கும் நல்லது. புட்டர் பயிற்சிக்கு வீட்டுக் கம்பளமே போதும்.

மட்டைகள்

விதிப்படி பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். புதியவருக்கு அதில் பாதி போதும்: புட்டர், சாண்ட் வெட்ஜ், பிட்சிங் வெட்ஜ், ஒன்பது, ஏழு எண் அயர்ன்கள், ஒரு ஹைபிரிட், பிறகு எப்போதாவது ஒரு டிரைவர். ஓரிரு ஆண்டு ஆடிய மட்டைகளை விற்பவர்கள் எல்லாக் கிளப்பிலும் இருக்கிறார்கள். எடை குறைந்த கிராஃபைட் தண்டு, எஃகுத் தண்டைவிட மூட்டுகளுக்கு இதமானது. தண்டின் வளைவுத்தன்மையைத் தேர்ந்தெடுக்கும்போது தன்மானம் குறுக்கே வரக் கூடாது. ஸ்விங்கின் வேகம் குறைவாக இருப்பவர் விறைப்பான தண்டை வாங்கினால் பந்து உயரவும் செய்யாது, தூரம் போகவும் செய்யாது.

முதல் சுற்று

நான்கைந்து மாதப் பயிற்சிக்குப் பிறகு மைதானத்தில் இறங்கலாம். வார நாளில் காலை நேரமோ, கூட்டம் கலைந்த பிற்பகலோ நல்லது. ஒன்பது குழிகளோடு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது. தொடங்கும் இடமாக முன்னால் உள்ள டீயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின் டீயிலிருந்து ஆடுவது தொழில்முறை வீரர்களுக்கானது. தெரிந்த ஒருவர் உடன் ஆடினால் பதற்றம் குறையும்.

கேடியை வைத்துக்கொள்வது முதல் சுற்றில் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு. ஒரே மைதானத்தில் பல ஆண்டுகள் நடந்தவர்களுக்கு அதன் ஒவ்வொரு சரிவும் அத்துப்படி. பெங்களூர் கேடிகள் சாதாரணமானவர்கள் அல்லர். கேடியாக இருந்து தொழில்முறை வீரரான சி. முனியப்பா 2009-இல் இந்தியன் ஓபன் பட்டத்தையே வென்றார். ஆட்டத்தைப் பற்றிய கருத்தை ஒரு கேடி சொல்லும்போது, புதியவர் அதை மரியாதையோடு கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதியவரிடம் உடன் ஆடுபவர்கள் எதிர்பார்ப்பது நல்ல அடிகளை அல்ல, வேகத்தை. பின்னால் வரும் குழுவைக் காக்க வைக்கக் கூடாது என்பதே மைதானத்தின் முதல் நாகரிகம். 2019-இல் விதிகள் எளிமையாக்கப்பட்டபோது, தொலைந்த பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. பந்தைக் கீழே விடும் உயரம் முழங்கால் அளவாயிற்று. கொடிக்கம்பைக் குழியிலேயே விட்டு வைத்துப் பந்தை உருட்டலாம். கிளப் அனுமதித்திருந்தால், தொலைந்த பந்துக்காகத் திரும்ப நடந்துபோய் அடிக்காமல், இரண்டு அடித் தண்டனையோடு அருகிலேயே பந்தை விட்டு ஆடும் வசதியும் உண்டு. பங்கரில் மணலைச் சமப்படுத்திவிட்டு வெளியே வருவது, பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து மிதிப்பது, கிரீனில் தன் பந்து ஏற்படுத்திய பள்ளத்தைச் சரிசெய்வது, இன்னொருவர் அடிக்கும்போது அசையாமல் பேசாமல் நிற்பது ஆகியவற்றைச் செய்பவரை, நூற்றிருபது அடி அடித்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரு குழியில் பத்து அடி போய்விட்டால் மனம் உடைந்துவிடும். அதற்கு மாற்று இங்கிலாந்து மருத்துவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு வகுத்து 1932-இல் போட்டிக்கு வந்த புள்ளி முறை. ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாகப் புள்ளி. மிக மோசமாக ஆடிய குழிக்குச் சுழியம், அவ்வளவுதான். பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடலாம். புதியவர்கள் நண்பர்களோடு ஆடுவதற்கு இதுவே உகந்தது.

ஹேண்டிகேப் பெறுவது அடுத்த படி. 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஆண், பெண் இருவருக்கும் உச்ச எண் 54.0. அதாவது ஒரு குழிக்கு மூன்று அடி கூடுதல். பார் 4 குழியை ஏழு அடியில் முடித்தால் அவருடைய கணக்கில் அது பார். எண் பெற மொத்தம் 54 குழிகளின் அட்டைகள் வேண்டும். ஒன்பது குழிச் சுற்றுகளாகவும் சேர்த்துக்கொள்ளலாம். எண் கிடைக்கும் வரை ஒரு குழியில் எத்தனை அடி அடித்தாலும் பாருக்கு மேல் ஐந்துவரைதான் கணக்கில் எழுதப்படும். அட்டையில் உடன் ஆடியவர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். இருபது சுற்றுகள் சேர்ந்த பிறகு, அவற்றில் சிறந்த எட்டின் சராசரி அவருடைய எண்ணாகும். மோசமான பன்னிரண்டு நாள்களைக் கணக்கு மறந்துவிடுகிறது. முதல் எண் கையில் வந்த வாரத்திலேயே, அவர் ஹேண்டிகேப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம்.